இரண்டு விசில் என்றால் போ

மார்ச் 3, செவ்வாய்

தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி நர்ஸ் கண்டித்ததால் இன்றிலிருந்து எழுதுகிறேன். டைரி, மளிகைக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஜனவரியையும் பிப்ரவரியையும் கிழித்துப் பேச்சியம்மாள் வடைக்கு எண்ணெய் ஒற்றிவிட்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னது இதுதான். பதினெட்டாம் தேதி குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது. டாக்டர் ஒரு தாளில் தலையும் கழுத்தும் வரைந்து, அம்புக்குறி போட்டு என்னென்னவோ விளக்கினார். அவர் பேனாவின் மூடி எங்கே போயிருக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். பேச்சி மட்டும் அந்தப் படத்தையே பார்த்தாள். "என்ன, ஒங்க அக்கா ஜாடை தெரியுதா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

எழுதிக் காட்டிப் பேசலாம் என்றார் டாக்டர். யாருக்கு எழுதிக் காட்டுவது? வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேச்சிக்கு எழுத்து தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கைநாட்டு என்று கிண்டல் பண்ணியே பொழுதைப் போக்கியவன் நான். இனி மிச்சக் காலம் முழுவதும் அந்தக் கைநாட்டுக்காரியிடம்தான் பேசியாக வேண்டும்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாயில் வாஷர் மாற்றினேன். நன்றாக இருந்த வாஷர்தான்.

மார்ச் 5, வியாழன்

மகள் முத்துமணி திருப்பூரிலிருந்து ஒரு போன் அனுப்பியிருக்கிறாள். நாம் எழுத்தைத் தட்டினால் அது வாய்விட்டு வாசிக்கும். 'காப்பி கொண்டா' என்று தட்டி முடிப்பதற்குள் எனக்குக் காப்பி ஆசையே போய்விட்டது. போன் அதைச் செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரலில் சொன்னது. பேச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு அவ?"

"நாந்தேன்."

"நீங்க இல்ல. எவளோ ஒருத்தி எங்க வீட்டுக்குள்ள வந்து காப்பி கேக்கறா. பால் தீந்துபோச்சுன்னு அவகிட்டச் சொல்லுங்க."

போனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

டிரைவர் இருளப்பன் வந்தார். தேனி–கம்பம் தனியார் பஸ்ஸில் இருபது வருஷம் அவர் ஓட்டினார், நான் டிக்கெட் கிழித்தேன். அந்த இருபது வருஷமும் நான் பார்த்தது அவர் முதுகைத்தான். அவர் திரும்பவே மாட்டார். எல்லாம் விசில்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. இது எல்லா பஸ்ஸிலும் உண்டு. எங்களுக்கென்று தனியாகவும் சில வைத்திருந்தோம். ஒரு நீள விசில் என்றால் செக்கிங் ஏறுகிறார், வேகத்தைக் குறை. நீள விசிலுக்கு வால் வைத்தால், அடுத்த ஊரில் பசியாறலாம்.

"வாய்ப்பேச்சுப் போனாப் போகட்டும்யா கண்டக்டரு" என்றார் இருளப்பன். "ஒனக்கு வெறும் வாயிலயே விசில் வருமே. அதுலயே குடும்பம் நடத்து."

விளையாட்டாகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பேச்சியும் எனக்கு எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதானே நிற்கிறாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு?

மார்ச் 7, சனி

எட்டாவதில் தமிழ் வாத்தியார் வினைச்சொல் நடத்திய அன்றைக்கு நான் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

காலையில் வா, போ, கொடு, எடு, தின்னு, குடி, படு என்று எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசில். பக்கம் நிறைந்துவிட்டது, வினை தீரவில்லை. எழுதியதில் பாதி விசில் எனக்கே மறந்துபோனது. பேச்சியைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு உன்னிடம் என்னதான் பேசுகிறேன் என்று கேட்டேன்.

"பாதி நேரம் 'போடு'தேன்" என்றாள். "சோத்தப் போடு, பாயப் போடு, தாப்பாளப் போடு, ஃபேனப் போடு."

"மிச்சம்?"

"சண்டை போடறது."

உண்மையாகவே ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். 'போடு', 'வை', 'எடு', 'விடு', அப்புறம் 'வா', 'போ', 'இரு'. வீட்டைச் சுற்றி வர இந்த ஏழும் போதும். எதைப் போடுவது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அவள் அடுப்புப் பக்கம் நின்றால் சோறு, கதவுப் பக்கம் நின்றால் தாழ்ப்பாள். நிற்கிற இடமே மிச்சத்தைச் சொல்லிவிடும். நான், நீ என்பதும் வேண்டாம். கேட்கிறவன் எப்போதும் நான், செய்கிறவள் எப்போதும் அவள்.

"நல்லா இருக்கே நியாயம்" என்றாள் பேச்சி. ஆனாலும் உட்கார்ந்து கேட்டாள்.

இது நடந்துகொண்டிருக்கிறது என்றால் விசில் சமமாக இருக்கும். நடந்து முடிந்தது என்றால் கடைசியில் இறங்கும், பஸ் மேட்டிலிருந்து இறங்குவது மாதிரி.

அவளையும் விசிலடிக்கச் சொன்னேன். ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "பொம்பள விசிலடிச்சா நல்லாவா இருக்கும்? வெளக்கு வைக்கிற நேரத்துல பாம்பு வரும்."

"அப்ப எப்படிப் பதில் சொல்லுவ?"

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கூரையிலிருந்து ஓடு விழுந்த மாதிரி இருந்தது. "எங்கப்பா வண்டி மாட்டுக்குக் குடுக்கற சத்தம். டொக்குன்னா போகும். டொக் டொக்குன்னா நிக்கும். நாக்க ஓரமா இழுத்தா திரும்பும். மூச்சு விடாமலே குடுக்கலாம். நீங்களும் இதையே பழகுங்களேன்."

"மாட்டு பாஷையா?"

"மாடு சொன்னபடி கேட்டுச்சு. நீங்க எங்க."

ஆணுக்கு விசில், பெண்ணுக்கு நாக்கு என்று பிரித்துவிட்டேன். ஒரு மொழிக்குள் இரண்டு மொழி. பெரிய பெரிய மொழிக்கெல்லாம் இந்த வசதி கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று வீட்டுக்கு வெளியே சோதனை. சந்தையில் நான் ஒரு பக்கம், பேச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பக்கம். வெங்காயம் எடுத்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக இரண்டு விசில் கொடுத்தேன்.

ஸ்டாண்டில் நின்ற டவுன் பஸ் கிளம்பிவிட்டது. ஜனம் பாதி ஏறியிருந்தது. ஒருத்தி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகத் தாவித் தாவி ஓடினாள். கூடையோடு ஒரு கிழவர் பின்னாலேயே ஓடினார். கண்டக்டர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். பதறிப்போய் ஒரு விசில் கொடுத்து நிறுத்தினேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"பெருசு, வீட்ல சொல்லி அனுப்பலயா?" என்றான் அந்தக் கண்டக்டர். "ஒம்ம பொண்டாட்டியக் கூப்புடறதுக்கு என் வண்டிய ஏன்யா எடுக்கறீரு?"

"விசில் சுத்தமா இருந்துச்சுல்ல?" என்றேன். கரகரத்த குரலில் அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ.

பேச்சி தூண் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பரணைச் சுத்தம் செய்தேன். இறக்கிய சாமான்களையே திரும்ப ஏற்றினேன்.

மார்ச் 11, புதன்

இன்றைக்குப் பெரிய சண்டை. பேச்சிதான் கண்டுபிடித்தாள்.

"நடக்கறதுக்கு இருக்கு, நடந்ததுக்கு இருக்கு. நடக்கப்போறதுக்கு எங்க?"

அது தேவையில்லை என்றேன்.

"நாளைக்கு என்ன காய் வாங்கணும்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"நாளைக்கே சொல்லிக்கிறேன்."

"முத்துமணி சித்திரையில வர்றா. அதை எப்படிச் சொல்லுவீங்க?"

"வந்தப்புறம் வந்துட்டான்னு சொல்லுவேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனேன். வாய்க்கால் வரைக்கும் நடந்து திரும்பினேன். எட்டாவது படித்த ஒருவன் கண்டுபிடிக்கிற மொழியில் எல்லாமே இருக்க வேண்டுமா என்ன? சில வசதிகள் பின்னால் வரும்.

திரும்பி வந்தபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே 'டொக்', பிறகு ஒரு சின்ன 'டொக்' கொடுத்தாள்.

"பெருசுக்குப் பின்னால குட்டி வந்தா, அது நடக்கப்போறது" என்றாள். "நான் வச்சுட்டேன். வேணும்னா எடுத்துக்கங்க, வேண்டாட்டி விடுங்க."

நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 13, வெள்ளி

முக்கியமான ஒன்று விட்டுப்போயிருந்தது. கிண்டல்.

குரல் இருக்கிறவரை கவலையில்லை. 'ஒங்கம்மா வச்ச கொழம்பு மாதிரியே இருக்கு' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் பாராட்டு, இன்னொரு விதமாகச் சொன்னால் சண்டை. விசிலில் அந்த விதம் வராது. அவள் முதுகைக் காட்டி நிற்கும்போது என் முகத்தையும் பார்க்க முடியாது. ஆகவே வினை எதுவானாலும் அதன் கடைசியில் ஒட்டுவதற்கு ஒரு சத்தம் வேண்டும். நான் சொன்னதை நம்பாதே, சும்மா சொன்னேன் என்று அர்த்தம். உதட்டை உள்ளே மடித்துத் திறந்தால் 'ப்ப்' என்று வருகிறது. அதுதான்.

"இது எதுக்கு?" என்றாள் பேச்சி. "பொய் சொல்றதுக்கு மணியடிச்சிட்டுச் சொல்லுவீங்களா? அப்பறம் அது என்ன கிண்டலு?"

"இல்லாட்டி நெசம்னு நெனச்சுச் சட்டியத் தூக்கி எறிவியே."

"நாப்பது வருசமா எறிஞ்சனா? எனக்கு வேண்டாம் இந்தப் ப்ப். நீங்களே வச்சுக்கங்க."

மற்ற எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தவள் இதற்கு மட்டும் வளையவில்லை. பரவாயில்லை. இது இல்லாவிட்டால் மிச்சமிருப்பது 'சோறு போடு, கதவைச் சாத்து' மட்டும்தான். அதற்கு ஒரு நாய்க்குட்டி போதும், நான் எதற்கு?

மார்ச் 15, ஞாயிறு

மூன்றாம் மனுஷரைப் பற்றிப் பேச வழி வேண்டும் என்று பேச்சி கேட்டாள். நியாயமான கோரிக்கை. எதிர்வீட்டைப் பற்றிப் பேச முடியாத மொழி என்ன மொழி? எதிர்வீட்டுக்கு ஒரு தொண்டைச் செருமல் வைத்தோம். இருளப்பனுக்கு ஆரன் சத்தம்.

'தெரியும்' என்பதற்கும் ஒன்று கேட்டாள்.

"ஒனக்கு என்ன தெரியும், அதுக்கு ஒரு சத்தம்?" என்றேன்.

நாக்கை மேலிருந்து கீழே வழுக்கி 'ளொக்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். ஊறவைத்த புளியைக் கரைப்பது மாதிரி. "இது தெரியும். முன்னால பல்லி மாதிரி 'ட்ச்' போட்டா, தெரியாது. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"நான் விசில்காரன்."

"ஒரு தடவ சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? வா, போ எல்லாத்தையும் நாக்குலயும் பழகி வச்சுக்கங்களேன்."

ரொம்பக் கெஞ்சினாள். என்ன இப்படிக் கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டே, நான் 'சோறு போடு' என்று ஒரு விசில் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். கண்ணீர் வந்தது. நல்ல காரமான வெங்காயம்.

மார்ச் 17, செவ்வாய்

மதுரை வந்துவிட்டோம். ஒன்பதாம் நம்பர் வார்டு, ஜன்னலோரக் கட்டில். நர்ஸ் பெயர் ஜெசிந்தா. எதிர்க் கட்டில்காரருக்கு என் விசிலைக் காட்டினேன். கை தட்டினார்.

கடைசியாகக் குரலில் என்ன சொல்வது என்று பகல் முழுவதும் யோசித்தேன். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு எழுதிப் பார்த்தேன். எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

மார்ச் 21, சனி

பேனா பிடிக்க முடிகிறது. மூக்கில் குழாய். அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ருசி பார்க்க வேண்டிய தொல்லை இல்லை.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது நான் கடைசியாகப் பேசியது: "ஏ பேச்சி, வீட்ல கேஸ மூடுனியா?"

"மூடிட்டேன், மூடிட்டேன்" என்று கூடவே ஓடி வந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

விசில் வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

உதடு குவிகிறது, நாக்கு மடிகிறது, காற்று மட்டும் வரவில்லை. எவ்வளவு முக்கினாலும் கழுத்தில்தான் 'புஸ்' என்கிறது. தையல் வலிக்கிறது. ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று ஜெசிந்தாவுக்கு எழுதிக் காட்டினேன்.

"தாத்தா, இனிமே மூச்சு மூக்கு வழியா, வாய் வழியா வராது. கழுத்துல போட்ட ஓட்டை வழியாத்தான் போகும், வரும். காத்து வாய்க்கே வராம விசில் எப்படி வரும்? இதையெல்லாம் டாக்டர் அன்னைக்கே படம் போட்டுச் சொன்னாரே. கழுத்துல ஓட்டை, அதுலருந்து அம்புக்குறி. பாக்கலயா நீங்க?"

சட்டைப் பையிலிருந்த என் பழைய கண்டக்டர் விசிலை எடுத்துக் கழுத்தைக் காட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "உள்ள போச்சுன்னா திரும்பவும் அறுக்கணும். சேட்டை பண்ணாதீங்க. கரண்டு வைக்கறது, அதான் ரேடியேஷன், எல்லாம் முடிஞ்சு புண்ணு ஆறட்டும். தாடையில வச்சுப் பேசற மிஷின் இருக்கு. அதப் பத்தி டாக்டர் அப்பறம் சொல்லுவாரு."

ஆக, இருபது வருஷம் விசிலடித்த ஒருவன், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே ஒரு மொழி கட்டியிருக்கிறான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேச்சி ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமான கம்பி.

மார்ச் 24, செவ்வாய்

ஒன்றுமில்லை.

மார்ச் 25, புதன்

எதிர்க் கட்டில்காரர் விசிலடிக்கச் சொன்னார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இருளப்பன் பஸ் ஏறி வந்து, வெகு நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

மார்ச் 26, வியாழன்

நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். பின்னால் பேச்சி வந்து உட்கார்ந்தது தெரிந்தது. நாக்கில் 'வா' கொடுத்தாள். நான் திரும்பவில்லை. 'எடு' கொடுத்தாள். 'வை' கொடுத்தாள். 'இரு' கொடுத்தாள். ஏழையும் வரிசையாகக் கொடுத்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து. எதிர்க் கட்டில்காரர், "யாரும்மா வார்டுக்குள்ள வண்டி ஓட்டறது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு மாடு படுத்திருச்சுய்யா. எழுப்பிக்கிட்டு இருக்கேன்."

எரிச்சலாக வந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். எதில் சொல்வது? நாக்கை மேலே ஒட்டி இழுத்தேன். 'டொக்.' சத்தமாகவே வந்தது. கழுத்தில் காற்று அசையவே இல்லை. மூச்சு அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது, சத்தம் இதன் வழியில் வந்தது. இன்னொரு 'டொக்' கொடுத்தேன். வண்டி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிக்கறதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "இப்ப போறதுக்குச் சொல்லுங்க."

மார்ச் 28, சனி

பொம்பளை வினைகளைப் பழகுகிறேன். நாக்கு புண்ணாகிவிட்டது. என் 'எடு'வும் என் 'விடு'வும் ஒன்று போல இருக்கின்றனவாம். காலையில் தண்ணீர்ச் செம்பை எடு என்று சொல்லப்போக, கையிலிருந்ததை விட்டுவிட்டாள். வேண்டுமென்றே செய்ததாகத்தான் படுகிறது.

மார்ச் 31, செவ்வாய்

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா விசிலைத் திருப்பிக் கொடுத்தாள். இருளப்பன் வந்தபோது அதை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது வார்டு வாசலில் நின்று மெதுவாக இரண்டு கொடுத்தார். ஜெசிந்தா அவரைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கேஸ் மூடித்தான் இருந்தது. சித்திரையில் முத்துமணி வருகிறாள். 'வா' கொடுத்து, பின்னால் ஒரு குட்டிச் சத்தமும் கொடுத்தேன். பேச்சி முறத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே யோசனை. பல்லைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். இரண்டு தடவை தேய்த்துவிட்டேன்.

அந்தப் படத்தை அவள் அப்படிப் பார்த்தாள். விசிலடித்தால் பாம்பு வரும் என்றாள். இதுவரை எந்தப் பாம்புக்கும் பயந்தவள் இல்லை, போன மழையில் குளியலறைக்குள் வந்ததை விளக்குமாற்றால் தள்ளியவள். நாக்கிலும் பழகி வையுங்கள் என்று அப்படிக் கெஞ்சினாள். அந்த இரண்டு வாரமும் நான் விசிலடித்துக்கொண்டே சாப்பிட்டேன், விசிலடித்துக்கொண்டே தூங்கினேன். ஒரு நாளாவது நிறுத்தச் சொன்னாளா?

மத்தியானம் அவள் அடுப்பைப் பார்த்து நின்று புளிக்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து 'ளொக்' கொடுத்தேன். முடிந்துபோன விஷயம் என்பதற்காகக் கடைசியில் இறக்கினேன். விசில் வராது என்று உனக்கு அப்போதே தெரியும், இல்லையா?

கரண்டி நின்றது. பிறகு திரும்பாமலே பதில் வந்தது. 'ட்ச்', 'ளொக்'. தெரியாது.

சரி என்று விட்டுவிட்டேன். அவள் குழம்பைக் கிண்டினாள். உப்புப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள்.

அப்புறம், 'ப்ப்' என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வாயில் சத்தமில்லை. எல்லாம் கழுத்து வழியாகப் புஸ் புஸ் என்று வந்து, அங்கே கட்டியிருந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்ன கண்டக்டரே" என்றாள் அவள், இன்னும் திரும்பாமல். "டயர்ல காத்து எறங்குதா?"